"ஒரு ஆணி கூட இல்லை"யாம்! பெய்ஜிங் போகிறவர்களே, உஷார்

உளிச்சத்தம்:
"பெய்ஜிங் 3 நாள்" திரியில் நாடோடி எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: "சொர்க்கக் கோயிலின் பெரிய மண்டபம் 38 மீட்டர் உயரம். முழுக்க மரம். ஒரு ஆணி கூடக் கிடையாது. 1420 முதல் அப்படியே நிற்கிறது." அதற்கு நாற்பது பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

உயரம் சரி. மற்றதெல்லாம் கொடி பிடித்து நடக்கும் வழிகாட்டிகள் ஒலிபெருக்கியில் விற்கிற சரக்கு. 1420-இல் யோங்லே பேரரசர் அங்கே கட்டியது செவ்வக மண்டபம். அது வட்டமானது 1545-இல். 1889-இல் மின்னல் விழுந்து எரிந்தது. இன்று நாம் படம் பிடிப்பது 1896-இல் கட்டி முடித்தது.

இனி ஆணி. தூண், உத்தரம், போதிகை (தூண் தலையில் கூரையைத் தாங்கும் மர அடுக்கு) மூன்றும் கழுந்தும் துளையுமாக, அதாவது ஒரு மரத்தின் முனை இன்னொன்றின் துளைக்குள் நுழையும்படி, கோத்தவை. அங்கே ஆணி வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேலே? கைமரங்கள் உத்தரத்தின் மேல் சரிவாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிடித்து நிறுத்துவது இரும்பு ஆணி. கைமரத்தின் மேல் பலகை, அதற்கும் ஆணி. பலகையின் மேல் சாந்து, சாந்தின் மேல் ஓடு. இறவாரத்து முதல் வரிசை ஓடு கீழே வழுக்காமல் இருக்க ஓட்டில் துளையிட்டு ஆணி இறக்குவார்கள். அந்த ஓட்டை வழியாக மழைநீர் இறங்கக் கூடாதே என்று மேலே குமிழ் போல ஒரு மூடி கவிழ்ப்பார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலே வரிசையாகத் தெரியும். ஆணியே இல்லாத கட்டடத்தில் ஆணி மூடி எதற்கு?

நாடோடி:
வாங்க சார். போன மாசம் பெருஞ்சுவர் திரியில் மூக்குடைபட்ட பிறகு காணோமே என்று பார்த்தேன்.

நான் சொன்னது அந்த மண்டபத்தின் கட்டுமானத்தைப் பற்றி. நடுவில் 19.2 மீட்டர் உயரத்தில் 4 தூண், அவை பருவங்கள். அதைச் சுற்றி 12, அவை மாதங்கள். வெளிச்சுற்றில் 12, அவை பழைய சீனக் கணக்கில் ஒரு நாளின் 12 பொழுதுகள். ஆக 28 தூண். கூரையின் எடை முழுவதையும் இவைதான் சுமக்கின்றன, ஒரு ஆணி கூட இல்லாமல். ஓட்டில் இருக்கிற ஊசியை எல்லாம் எண்ணிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்ய?

உளிச்சத்தம்:
"ஒரு ஆணி கூட" என்று எழுதியது யார்? "கூட" என்ற சொல்லுக்கு உங்கள் ஊரில் வேறு பொருளா? ஓட்டில் இருப்பது ஊசி என்றால் கொல்லன் தெருவில் விற்றுப் பாருங்கள்.

தூண் கணக்கையும் முடித்துவிடுவோம். தரையிலிருந்து எழும்புபவை 28. மேலே உத்தரத்தின் மீது நிற்கும் குட்டைத் தூண்கள் இன்னும் 8. மொத்தம் 36. பாதிக் கணக்கோடு திரி போட வருகிறார்கள்.

தேன்மொழி:
ஒரு சின்னக் கேள்வி. இரண்டு பேரும் "ஆணி" என்று எதைச் சொல்கிறீர்கள்? இரும்பு ஆணி மட்டுமா, மர ஆணியும் சேர்த்தியா? போதிகை அடுக்குகளுக்குள் மரமுளை வைத்துத்தானே ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்துகிறார்கள்? அதை முதலில் முடிவு செய்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நாடோடி:
தேன்மொழி, அதெல்லாம் அப்புறம். சார் முதலில் ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். 1976-இல் டாங்ஷான் நிலநடுக்கம் பெய்ஜிங்கையே உலுக்கியது. மண்டபம் நின்றது. ஆணி அடித்த கட்டடம் நிற்குமா?

உளிச்சத்தம்:
நின்றதற்குக் காரணம் வேறு. தூண்கள் கல் பீடத்தின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கின்றன, தரைக்குள் புதைக்கப்படவில்லை. நிலம் ஆடும்போது தூண் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கும். கழுந்துப் பொருத்துகள் நெகிழ்ந்து உராயும், அதில் ஆட்டத்தின் வேகம் குறையும். போதிகை அடுக்கும் அப்படித்தான். மேலே கைமரத்தில் ஆணி இருப்பதால் இதில் எதுவும் கெடாது. இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. இருக்கிறது.

இன்னொன்று. சோங் காலத்தில், 1103-இல், அரசே அச்சிட்ட கட்டுமான விதிநூல் யிங்சாவ் ஃபாஷி. எந்த வேலைக்கு எத்தனை ஆணி என்று அளவு சொல்ல அதில் தனிப் பகுதியே இருக்கிறது. சிங் அரசு 1734-இல் வெளியிட்ட விதிநூலும் இரும்பு வேலைக்குக் கணக்கு வைத்திருக்கிறது. அரசாங்கமே ஆணிக்குக் கணக்கு எழுதிய நாட்டில் ஆணி இல்லையாம்!

கணக்குப்பிள்ளை:
ஆணி இருக்கட்டும். நாடோடியின் திட்டத்தை நம்பி யாராவது டிக்கெட் எடுத்துவிடப் போகிறார்கள். முதல் நாள் திங்கள்கிழமை, அரண்மனை (தடைசெய்யப்பட்ட நகரம்) என்று போட்டிருக்கிறார். பெரிய விடுமுறை நாள் தவிர, திங்கள்கிழமை அரண்மனை மூடியிருக்கும்.

டிக்கெட் 7 நாள் முன்னால் பெய்ஜிங் நேரம் இரவு 8 மணிக்குத் திறக்கும். இந்தியாவில் மாலை 5:30, சிங்கப்பூரில் அதே 8. கோடை விடுமுறையிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் வாய்க்குள் போட்ட வெல்லம் கரைவதற்குள் தீர்ந்துவிடும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 60 யுவான், மற்ற மாதங்களில் 40. புதையல் கூடத்துக்குத் தனியாக 10. பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் வாசலில் திருப்பி அனுப்புவார்கள். டிக்கெட்டே பாஸ்போர்ட்தான், அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். காலை, பிற்பகல் என்று நேரப் பிரிவும் உண்டு.

வழிப்போக்கன்:
கூட்டம் பிடிக்காதவர்கள் வடக்கே ஷென்வூமென் வாசல் வழியாக நுழையலாமே. ஜிங்ஷான் பூங்காவுக்கு எதிரில். சுலபம்.

கணக்குப்பிள்ளை:
முடியாது. 2011 ஜூலை முதல் ஒருவழிதான். நுழைவு தெற்கே வூமென் மட்டும். வெளியேற வடக்கே ஷென்வூமென், கிழக்கே தோங்ஹுவாமென். வடக்கு வாசலில் போய் நின்றால் வெளியே வருகிற கூட்டத்தைத்தான் பார்க்கலாம். அங்கிருந்து அகழியைச் சுற்றித் தெற்குக்கு நடக்க வேண்டும். மதில் மட்டுமே வடக்கு தெற்காக 961 மீட்டர்.

தியானன்மென் வாசலை அரண்மனை வாசல் என்று நினைத்து அங்கே 15 யுவான் கொடுத்து மாடத்தில் ஏறுபவர்களும் உண்டு. அது வேறு வாசல், வேறு டிக்கெட். சதுக்கத்துக்குப் போக அதற்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். சதுக்கம் வேண்டாம் என்றால் தோங்ஹுவாமென் பக்கம் வந்து அகழி ஓரமாகவே வூமென்னுக்கு நடந்துவிடலாம். பாதுகாப்புச் சோதனை வரிசை ஒன்று குறையும்.

உளிச்சத்தம்:
வூமென் வந்தது நல்லதாயிற்று. அதன் கதவில் என்ன இருக்கிறது? ஒன்பது வரிசை, வரிசைக்கு ஒன்பது. 81 ஆணி. தங்க நிறத்தில், முஷ்டி அளவு. கணக்குப்பிள்ளை சொன்ன தோங்ஹுவாமெனில் மட்டும் 72. கதவுப் பலகைகளைக் குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து அடித்த ஆணிகளின் தலைதான் பின்னால் அலங்காரமானது. அரண்மனைக் கூரை முனைகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் சிறு மிருகங்களும் அப்படித்தான். முகட்டு ஓடு வழுக்காமல் இருக்க அடித்த ஆணிக்கு மூடியாக வந்தவை. அரண்மனையின் தலைமை மண்டபமான தைஹதியெனில் மட்டும் பத்து மிருகம்.

நாடோடி:
சொர்க்கக் கோயில் மண்டபத்தைப் பற்றிக் கேட்டால் அரண்மனைக் கதவைக் காட்டுகிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இப்படித்தான். மண்டபத்தின் சட்டகத்தில் ஆணி இருக்கிறதா? இல்லை. ஒரு ஆணி கூட இல்லை. முடிந்தது.

உளிச்சத்தம்:
"சட்டகம்" இப்போது புதிதாக முளைத்திருக்கிறது. அதிலும் இரும்பைக் காட்டுகிறேன். சிங் காலத்தில் பெரிய மரம் கிடைப்பது அரிதான பிறகு, சின்ன மரங்களைச் சேர்த்து ஒரே தூணாக்கி, உலக்கைக்குப் போடுவது போல இரும்புப் பூண் போட்டார்கள். அதன்மேல் சணல் நாரைப் பரப்பி, பன்றி ரத்தம், துங் எண்ணெய் (துங் மரத்து விதை எண்ணெய்), மாவு, சுண்ணாம்பு, செங்கல் தூள் கலந்த சாந்தை அடுக்கடுக்காகப் பூசி, கடைசியில் வண்ணம். வெளியே பார்த்தால் ஒரே மரம். உள்ளே என்ன என்பது பூச்சு உதிர்ந்தால்தான் தெரியும். பெய்ஜிங்கின் உலர் குளிரில் மரம் சுருங்குகிறது, மழைக்காலத்தில் உப்புகிறது, பூச்சு வெடிக்கிறது. அதனால்தான் அடிக்கடி திரும்பப் பூசுகிறார்கள்.

நாடோடி:
பூண் ஆணியா?

உளிச்சத்தம்:
இரும்பு.

நாடோடி:
ஆணியா என்று கேட்டேன்.

சோழநாட்டான்:
சீனக் கட்டடக்கலைக்கு இவ்வளவு வக்காலத்தா! அரண்மனையைக் கட்டிய அதே யோங்லே காலத்தில்தான் கடற்படைத் தலைவர் செங் ஹெ கப்பலில் இலங்கையின் காலி நகருக்குக் கல்வெட்டு கொண்டுவந்தார். 1409. சீனம், பாரசீகம், தமிழ் என்று மூன்று மொழி. இன்றைக்கும் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரத்து அரசனே தமிழில் எழுதினான். நீங்கள் ஆணி எண்ணுகிறீர்கள்.

தேன்மொழி:
அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தவிர, தமிழில் எழுதியது அங்கே தெனாவரை நாயனாரை (விஷ்ணுவை) கும்பிடுகிறவர்களுக்காக. சீனப் பகுதி புத்தருக்கு. பாரசீகம் முஸ்லிம் வணிகர்களுக்காக. காணிக்கை மூவருக்கும் ஏறக்குறைய சமம். பெருமை என்றால் மூன்று மொழிக்கும் சமமாகத்தான் வரும்.

என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. மர ஆணி சேர்த்தியா இல்லையா?

சோழநாட்டான்:
தமிழ் என்றாலே சிலருக்கு எரிகிறது. "பீஜிங்" என்று எழுதாமல் "பெய்ஜிங்" என்று எழுதும்போதே தெரிந்தது.

கணக்குப்பிள்ளை:
சொர்க்கக் கோயில் வழியையும் சொல்லிவிட்டுப் போகிறேன். மெட்ரோ 5-ஆம் வழித்தடம் கிழக்கு வாசலில் விடும், எல்லோரும் அங்கே இறங்குகிறார்கள். அப்படிப் போனால் பெரிய மண்டபத்தை முதலில் பார்த்துவிட்டு, மீதியைப் பின்னோக்கிப் பார்க்க வேண்டிவரும். தெற்கு வாசலில் நுழைவதுதான் முறை. முதலில் வட்ட மேடை. நடுக்கல்லைச் சுற்றி 9 கல், அடுத்து 18, 27 என்று மேல்தளத்தின் கடைசி வளையத்தில் 81, அடித்தளத்தின் கடைசியில் 243. பிறகு எதிரொலிச் சுவர். பிறகு 360 மீட்டர் நீளப் பாதை. தெற்கிலிருந்து வடக்கே மெல்ல மெல்ல ஏறுவதால், மண்டபம் கண்ணெதிரே கொஞ்சம் கொஞ்சமாக எழும். பூங்கா நுழைவுச் சீட்டு மட்டும் எடுத்தால் வட்ட மேடை, எதிரொலிச் சுவர், மண்டப வளாகம் மூன்றிலும் உள்ளே விடமாட்டார்கள். கூட்டுச் சீட்டு எடுங்கள், சீசனில் 34 யுவான்.

எதிரொலிச் சுவரில் பேசிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கதவு திறந்தவுடன் போக வேண்டும். வட்டம் 61.5 மீட்டர் விட்டம். பத்து மணிக்கு மேல் இருநூறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள், எதிரொலி யாருடையது என்று தெரியாது.

மண்டபத்துக்குள் யாரையும் விடுவதில்லை, வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம். ஆணியைத் தேடிப் போகிறவர்கள் தூரநோக்கி கொண்டுபோங்கள்.

நாடோடி:
பாருங்கள், உள்ளே விடுவதே இல்லை. அப்புறம் சார் எங்கே பார்த்தார் ஆணியை?

உளிச்சத்தம்:
இறவாரத்து மூடி உள்ளேயா இருக்கிறது? ஓடு வெளியே. அண்ணாந்து பார்க்கவும்.

பொருத்து வேலை பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேறு இடம் உண்டு. சொர்க்கக் கோயிலின் மேற்கு வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் சியென்நோங்தான். பேரரசர் ஏர் பிடித்து உழுத உழவுக் கோயில். அங்கே பழங்காலக் கட்டடக்கலை அருங்காட்சியகம் இருக்கிறது. கழுந்து, துளை, போதிகை எல்லாம் பிரித்து வைத்த மாதிரிகள். கூட்டம் குறைவு. நாடோடியின் மூன்று நாள் திட்டத்தில் அந்த இடம் இல்லவே இல்லை. ஆணித்தரமாகப் பேசுகிறவர் அங்கே எட்டிப் பார்த்திருக்க வேண்டாமா?

நாடோடி:
மூன்று நாளில் எத்தனை இடம் போட முடியும்? கோடை அரண்மனைக்கே ஒரு நாள். ஏரியோடு சேர்த்து 290 ஹெக்டேர்.

மட்டுறுத்துநர்:
இருவரும் கொஞ்சம் நிதானம். தனிநபர் தாக்கு தொடர்ந்தால் திரி பூட்டப்படும். சோழநாட்டான், ஊர்ப் பெயரை எப்படி எழுதுவது என்பதற்கு வேறு திரி இருக்கிறது.

சோழநாட்டான்:
அந்தத் திரியையும் நீங்கள்தானே பூட்டினீர்கள்.

உளிச்சத்தம்:
பூட்டுவதற்கு முன் ஒன்று. கோடை அரண்மனையின் நீண்ட நடைக்கூடம் "ஒரு கிலோமீட்டர்" என்று நாடோடி எழுதியிருக்கிறார். 728 மீட்டர்.

நாடோடி:
728-ஓ ஆயிரமோ, அதிலும் ஒரு ஆணி கூட இல்லை.

உளிச்சத்தம்:
நடைக்கூடத்துக்குக் கூரை இருக்கிறதா? கூரைக்குக் கைமரம் இருக்கிறதா? அதை மட்டும் சொல்லுங்கள், மீதியை நாளைக்குப் பேசுவோம்.