கிளாஸ்ரூம்ல ஏர் ப்யூரிஃபையர் வச்சா பசங்களுக்கு சளி காய்ச்சல் குறையுமா?

யூகேஜி_அம்மா (கோவை):
வணக்கம்ங்க. பையன் இங்க ஒரு பிரைவேட் ஸ்கூல்ல யூகேஜி படிக்கறான். போன வருஷம் எல்லா கிளாஸுக்கும் ஏசி போட்டாங்க, அதுலருந்து ஜன்னல திறக்கறதே இல்ல, ஒரு குழந்தைக்கு சளி புடிச்சா அந்த வாரமே பாதி கிளாஸ் லீவு. இப்ப பேரன்ட்ஸ் மீட்டிங்ல கிளாஸுக்கு ஒரு ஏர் ப்யூரிஃபையர் வாங்கலாம், ஆளுக்கு இவ்ளோ குடுங்கன்னு கேக்கறாங்க. வாட்ஸப் குரூப்ல ஒரே சண்டை, ஒருத்தர் இதெல்லாம் டெல்லி புகைக்குத்தான் நம்மூருக்கு எதுக்குங்கறார், இன்னொருத்தங்க இத வச்சா கொரோனாவே கிட்ட வராதுங்கறாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரூம் 24க்கு 20 அடி இருக்கும், 35 பசங்க.

ஏசி_மணி:
நான் ஏசி லைன்ல இருக்கேன் மேடம். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காத்த உள்ள கொண்டு வரவே வராது, ரூம்ல இருக்கற அதே காத்த இழுத்து குளுராக்கி திருப்பி விடும், அதுல இருக்கற வலை பெரிய தூசிய மட்டும்தான் புடிக்கும். அப்ப 35 பேர் விட்ட மூச்சத்தான் மத்தியானம் வரைக்கும் மாத்தி மாத்தி இழுத்துட்டிருக்காங்க. இந்த மாதிரி மூடுன ரூம்லதான் ப்யூரிஃபையருக்கு வேலை. ப்யூரிஃபையர்ல இருக்கற ஹெப்பாங்கற நெருக்கமான பில்டர் 0.3 மைக்ரான் துகள்லயே 99.97% புடிச்சிரும், வைரஸும் தனியா பறக்காது, மூச்சுலயும் பேச்சுலயும் வர்ற நுண்ணிய துளிகளோட சேந்துதான் மிதக்கும், அதனால சிக்கிரும்.

ஆனா கணக்கு பாக்காம வாங்காதீங்க. உயரம் 10 அடின்னு வச்சா உங்க ரூம் 4800 கன அடி, சுமார் 136 கன மீட்டர். அமெரிக்க அரசாங்கத்தோட நோய்த்தடுப்பு அமைப்பு சிடிசி 2023ல சொன்னது, மணிக்கு 5 தடவையாவது சுத்தமான காத்து மாறணும்னு, அப்படின்னா மணிக்கு 680 கன மீட்டர். வீட்டுக்குன்னு விக்கற மிஷின் பலதும் சிஏடிஆர், அதாவது மணிக்கு குடுக்கற சுத்தமான காத்து, 300, 400 கன மீட்டர்தான் இருக்கும், அதுவும் ஃபுல் ஸ்பீடுல. ஒன்னு போதாது, ரெண்டு வேணும். ஓசோன் வரும்னு போட்டிருந்தா தொடவே தொடாதீங்க, அது நுரையீரலுக்கே ஆகாது.

டீச்சர்_பொண்ணு:
அண்ணா அந்த ஃபுல் ஸ்பீடுலதான் பிரச்சனையே. அந்த சத்தத்துல ரைம்ஸ் சொல்லித் தர முடியாது, கடைசி பெஞ்சுக்கு ஒன்னும் கேக்காது. எங்க ஸ்கூல்ல வச்சிருக்காங்க, எல்லா கிளாஸ்லயும் சைலன்ட் மோட்லதான் ஓடுது, ஒரு கிளாஸ்ல ஸ்மார்ட் போர்டுக்கு பிளக் பாயின்ட் பத்தலன்னு கழட்டியே வச்சாச்சு. முன்னாடி இருக்கற வலைய யார் கழுவறது, பில்டர் அடைச்சா மாத்தற காசு யாருதுன்னு வாங்கும்போது ஒருத்தரும் கேக்கல. நீங்க மீட்டிங்லயே கேட்டு எழுதி வாங்கிருங்க அக்கா.

வேப்பமரத்தடி:
ஆர்வத்த கெடுக்கறேன்னு நினைக்காதீங்க. இது புது ஐடியாவே இல்ல. அமெரிக்காவுல வெல்ஸ்னு ஒருத்தர் பிலடெல்பியா பக்கத்து ஸ்கூல்கள்ல மேல்சுவர்ல புற ஊதா விளக்கு மாட்டி காத்துல இருக்கற கிருமிய கொன்னார், 1941ல அங்க தட்டம்மை பரவுனப்ப விளக்கு இருந்த கிளாஸ்கள்ல ரொம்ப கம்மியாத்தான் வந்துச்சு. ஆகா ஓகோன்னு எல்லாரும் போட ஆரம்பிச்சாங்க. அப்புறம் நியூயார்க் மாகாணத்து கிராமத்து ஸ்கூல்கள்லயும் இங்கிலாந்துல சவுத்தால்லயும் பண்ணிப் பாத்தா அந்த அளவுக்கு பலன் இல்ல. ஏன்னா பசங்க ஒரே ஸ்கூல் பஸ்ல நெருக்கியடிச்சு வந்தாங்க, தெருவுலயும் ஒன்னாத்தான் விளையாடுனாங்க. உங்க பையன் எதுல போறான்? வேன்னா அதுக்குள்ள எந்த மிஷின வைப்பீங்க?

ஜன்னலோட மகிமைய யாரும் பேச மாட்டேங்கறாங்க. 2020 கடைசில அமெரிக்காவுல ஜார்ஜியா மாநிலத்துல 169 ஆரம்பப் பள்ளிகள பாத்தாங்க. எதுவுமே பண்ணாத ஸ்கூல்களோட ஒப்பிட்டா, கதவு ஜன்னல திறந்து ஃபேன் போட்ட எடத்துல கொரோனா 35% கம்மி, அதோட ஹெப்பா மாதிரி வடிகட்டறதும் சேந்த எடத்துல 48% கம்மி. இதுவும் ஸ்கூல்கள ஒப்பிட்டுப் பாத்ததுதான், எந்த ஸ்கூல்ல எத வைக்கறதுன்னு குலுக்கிப் போட்டு நடத்துன ட்ரையல் இல்ல, அதனால நம்பர அப்படியே புடிச்சுக்காதீங்க. ஆனா முதல் பாதி வேலை ஓசிலயே நடக்குதுல்ல? ரெண்டு பக்கமும் ஜன்னல் வச்ச பழைய கவர்மென்ட் ஸ்கூல் கட்டடம் இந்த விஷயத்துல உங்க ஏசி ரூம விட எவ்வளவோ மேல்.

லண்டன்_சிவா:
தங்கச்சி, இஞ்ச நடந்ததைச் சொல்லுறன். 2021ல இங்கிலாந்து அரசாங்கம் ஸ்கூலுகளுக்கு ஏறத்தாழ 3 லட்சம் சிஓ2 மீட்டர் குடுத்தது. சிஓ2 எண்டா நாங்கள் மூச்சு விடேக்க வாற கார்பன் டை ஆக்சைடு, அது கூடினா அறையில புதுக்காத்து வரேல்ல எண்டு அர்த்தம். மீட்டர் 1500 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில 1500 பங்கு) மேலயே நிண்டு, ஜன்னலத் திறந்தும் சரிவராத அறையளுக்குத்தான் எயார் கிளீனர் எண்டு வைச்சவை, 2022 தொடக்கத்தில 7000 தாறம் எண்டு அறிவிச்சவை. எந்த அறையில காத்து மோசம் எண்டு தெரியாமல் எல்லா அறைக்கும் மிஷின் வாங்கிறது காசுக்கு கேடு. பிராட்போர்ட்டில 30 ஸ்கூலை எடுத்து, கொஞ்சத்தில ஹெப்பா, கொஞ்சத்தில யூவி (புற ஊதா) மிஷின், மிச்சத்தில ஒண்டும் வைக்காமல் பெரிய ஆராய்ச்சியும் நடத்தினவை. இன்னொரு விசயம், கிளீனர் சிஓ2வைக் குறைக்காது, அதால மிஷின் ஓடுதெண்டு ஜன்னல ஒரேயடியா பூட்ட விடாதேங்கோ, பிள்ளையள் தூங்கி வழிவினம்.

யூகேஜி_அம்மா (கோவை):
எல்லாருக்கும் நன்றிங்க. வேன்லதான் போறான், டிரைவர் அண்ணன் வேற ஏசி போட்டு கண்ணாடிய ஏத்தி விட்டுருவார் :( அந்த மீட்டர் ஒன்னு வாங்கி கிளாஸ்ல வச்சு பாக்கலாம்னு குரூப்ல போட்டேன், டெல்லிப் புகைன்னு சொன்ன அதே அப்பாதான் மொதல்ல சரின்னார். எப்படிப் பாத்து வாங்கறதுங்க?

ஏசி_மணி:
என்டிஐஆர் சென்சார்னு (அகச்சிவப்பு ஒளிய வச்சு சிஓ2வ நேரா அளக்கறது) போட்டிருக்கறதா வாங்குங்க மேடம், ரொம்ப சீப்பா வர்றது சானிடைசர் வாசத்துக்கே நம்பர ஏத்தும். வாங்குனதும் மொட்டை மாடில வச்சு பாருங்க, 420 பக்கத்துல நிக்கணும். அப்புறம் கிளாஸ்ல காலைல ஜன்னல் மூடி ஒரு மணி நேரம், இன்டர்வலுக்கு அப்புறம் ரெண்டு ஜன்னல ஒரு சாண் திறந்து ஏசியோட ஒரு மணி நேரம், ரெண்டு நம்பரையும் இங்க போடுங்க. கரன்ட் பில் ஏறும்னு ஸ்கூல்ல சொல்லுவாங்க, கொஞ்சம் ஏறத்தான் செய்யும். வேனுக்கு கண்ணாடிய எறக்கச் சொல்றது தவிர எங்கிட்ட வேற வழி இல்ல.