வெக்ட்ரெக்ஸ்: கோடுகள் மேல்நோக்கி இழுபடுகின்றன, கப்பல் ஒரு பக்கம்தான் திரும்புகிறது. உதவி தேவை

முள்ளியவளையான்:

வணக்கம் உறவுகளே. என் மாமா 84 இல் கனடாவுக்குப் போனவர். போன புதிதில் கழிவு விலைக்குப் போட்டிருந்தார்கள் என்று ஒரு வெக்ட்ரெக்ஸ் வாங்கி வைத்திருந்தார். போன மாதம் ஊருக்கு வந்தபோது, உடுப்புகளுக்கு நடுவில் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டார்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். 1982 இல் வந்த விளையாட்டுப் பெட்டி இது. 9 அங்குலக் கறுப்பு வெள்ளைத் திரை பெட்டிக்குள்ளேயே இருக்கும். ரீவி போல வரிவரியாகத் திரையை நிரப்பாது. கதிர் பேனா முனை போல ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு ஓடிக் கோடு கீறும். அந்தக் கோட்டின் கூர்மையை வேறு எந்தத் திரையிலும் நான் கண்டதில்லை.

பெட்டி 120 வோல்ற்றுக்கு உரியது. அதனால் 230 ஐ 110 ஆக இறக்கும் ட்ரான்ஸ்போமர் வைத்துத்தான் போட்டேன். தொடக்க இசை வடிவாகக் கேட்கிறது. உள்ளேயே இருக்கும் 'மைன் ஸ்ரோம்' (விண்கப்பலால் கண்ணிவெடிகளைச் சுடும் விளையாட்டு) தொடங்குகிறது. நான்கு பொத்தான்களும் வேலை செய்கின்றன, சுடும் சத்தமும் வருகிறது. ஆனால் எழுத்துகள் எல்லாம் எண்ணெய் வைத்து மேலே வாரிய தலைமயிர் போல இழுபட்டு நிற்கின்றன. திரையின் கீழ்ப்பாதியில் ஒன்றுமே இல்லை. ஜோய்ஸ்ரிக்கை ஒரு பக்கம் தள்ளினால் கப்பல் திரும்புகிறது, மறுபக்கம் தள்ளினால் அசைவே இல்லை.

பழைய பலகையை விட்டுவிட்டு, காட்ரிஜ் செருகும் இடத்தில் ராஸ்பெரி பை ஸீரோ என்ற சின்னக் கணினிப் பலகையை வயர் பிடித்து இணைத்தால் சரிவருமா? பை என்னிடம் இருக்கிறது.

வவுனியா மாணவன்:

அண்ணா, பையை நேரே இணைக்க வேண்டாம். அதன் கால்கள் 3.3 வோல்ற்றுக்கு உரியவை, வெக்ட்ரெக்ஸ் 5 வோல்ற்றில் பேசுகிறது. இரண்டுக்கும் இடையில் வோல்ற் மாற்றும் சிப் இல்லாவிட்டால் பை எரிந்துவிடும். இதற்கென்றே 'பைட்ரெக்ஸ்' என்று ஒரு காட்ரிஜ் பலகை இருக்கிறது.

ஆனால் அதை வாங்கினாலும் இந்தப் பழுது போகாது. அது செய்வது என்னவென்றால், உள்ளே இருக்கும் 6809 செயலியை நிறுத்தி வைத்துவிட்டு, அதன் இடத்தில் பை இருந்து கட்டளை கொடுக்கும். கட்டளை போகும் பாதை பழையதுதான்: செயலியின் கட்டளையை வெளியே கொண்டுபோகும் அதே 6522 சிப், எண்ணை வோல்ற்றாக்கும் அதே இலக்க-ஒப்புமை மாற்றி, அதே திரைச் சுற்று. 1 கிலோபைற் நினைவகத்தோடு 1.5 மெகாஹேர்ட்ஸில் ஓடிய செயலியின் இடத்துக்கு எவ்வளவு வேகமான ஒன்று வந்தாலும், கோடு கீறும் கை முடமாக இருந்தால் படம் முடமாகத்தான் வரும்.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

தம்பி சொல்வது சரி. முள்ளியவளைத் தம்பி, நீங்கள் அடையாளங்களை நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிட்டது.

சத்தமும் பொத்தான்களும் ஒரே சிப்பினூடாகப் போகின்றன, ஏவை-3-8912. அது நலமாக இருக்கிறது. கிடைப்பக்க ஓட்டத்துக்கான வோல்ற், இலக்க-ஒப்புமை மாற்றியிலிருந்து நேரே போகிறது. உங்கள் படத்தில் கிடைப்பக்கம் சரியாக இருக்கிறது, ஆகவே மாற்றியும் நலம். நிலைக்குத்து ஓட்டத்துக்கான வோல்ற் மட்டும் 4052 என்ற ஆளிச் சிப்பைக் கடந்துதான் போக வேண்டும். அதே 4052 இன் மற்றப் பாதிதான் ஜோய்ஸ்ரிக்கின் வோல்ற்றைத் தெரிவு செய்கிறது. உங்கள் இரண்டு பழுதும் சந்திக்கும் இடம் அதுதான்.

இன்னொன்று. இரண்டுமே ஒருபக்கப் பழுது. மேலே போகிறது, கீழே வராது. ஒரு பக்கம் திரும்புகிறது, மறுபக்கம் திரும்பாது. இந்தச் சைகைகள் பூச்சியத்துக்கு மேலும் கீழும் ஆடுபவை. கீழே ஆடுவதைக் கடத்த 4052 இன் 7 ஆம் காலில் −5 வோல்ற் இருக்க வேண்டும். 16 இல் +5, 8 இல் பூச்சியம். அளந்து எழுதுங்கள். 7 ஐ இரண்டு இடத்தில் அளவுங்கள்: மேலே சிப்பின் காலிலேயே ஒருமுறை, பலகையின் அடியில் அந்தக் காலுக்கு வரும் செப்புக் கோட்டில் ஒருமுறை.

அதற்கு முன் படக்குழாய். கறண்டை எடுத்த பிறகும் அதில் பல ஆயிரம் வோல்ற் தங்கி நிற்கும். ஒரு நீளத் திருப்புளியின் தண்டில் வயரைச் சுற்றி, வயரின் மறுமுனையைக் குழாயைச் சுற்றிய மண்கம்பியில் முதலில் பிடியுங்கள். பிறகுதான் திருப்புளி நுனியை றப்பர் மூடியின் கீழே விட வேண்டும். ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். கறண்ட் ஓடும்போது அளக்கும் நேரம், இந்தச் சிப்புகள் இருக்கும் தர்க்கப் பலகையை விட்டு வெளியே கை போகக் கூடாது.

முள்ளியவளையான்:

நன்றி அண்ணை. நீங்கள் சொன்னபடியே செய்தேன். திருப்புளி வைத்தபோது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது.

16 ஆம் கால்: 4.98. 8 ஆம் கால்: 0. அடியில் செப்புக் கோட்டில் 7 க்கு: −5.02. மேலே சிப்பின் 7 ஆம் காலில்: நிலையில்லை, −0.4 இலிருந்து −0.9 வரை ஆடுகிறது.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

கோட்டில் இருக்கிறது, காலில் இல்லை. சிப்பை மாற்ற வேண்டாம், ஈயம் விட்டுப் போயிருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். காலைச் சுற்றி மயிரிழை அளவில் ஒரு வளையம் தெரியும்.

90களில் வன்னிக்குள் கறண்டும் இல்லை, பற்றரியும் வராது. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். மாற்றுச் சாமான் கிடைக்காத காலம் என்பதால், ஒரு பாகத்தைக் கழற்ற முன் அதன் காலைப் பார் என்று எனக்குத் தொழில் பழக்கியவர் சொல்லித் தந்தார். இன்றைக்கும் என் மேசையில் முதல் வேலை அதுதான்.

பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பிடியுங்கள். பழையதன் மேல் புதியதை அப்ப வேண்டாம். 16 கால்களையும் செய்துவிடுங்கள்.

முள்ளியவளையான்:

வளையம் இருந்தது! கண்ணாடியைச் சரித்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது, ஈயக் குமிழுக்கும் காலுக்கும் இடையில் கறுப்பாக, முழுவட்டமாக. பற்றவைத்துப் போட்டேன். எழுத்துகள் நேராக நின்றன. கீழ்ப்பாதியில் முதல் கண்ணிவெடி வந்து மிதந்தபோது மாமாவுக்கு வீடியோ அழைப்பு எடுத்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. கப்பல் இரு பக்கமும் திரும்புகிறது. மகள் நான்காம் கட்டம் வரை போய்விட்டாள்.

ஒரு சின்னச் சந்தேகம். படம் முழுவதும் மிக மெதுவாக, மூச்சு விடுவது போல அசைகிறது. கனடாவில் இப்படி இல்லை, வேகமாக நடுங்கும் என்கிறார் மாமா. அப்புறம், ஒரு உறுமலும் இருக்கிறது.

வவுனியா மாணவன்:

உறுமல் வெக்ட்ரெக்ஸின் பிறவிக் குணம், பல பெட்டிகளில் உண்டு. அசைவுக்குக் காரணம் சொல்கிறேன். பெட்டி தன் படத்தைச் செயலியின் 30,000 துடிப்புக்கு ஒருமுறை புதுப்பிக்கிறது. செக்கனுக்கு 15 இலட்சம் துடிப்பு என்றால் 50 முறை. கனடாவின் கறண்ட் 60 ஹேர்ட்ஸ். பெட்டிக்குள் இருக்கும் ட்ரான்ஸ்போமரின் காந்தப்புலம் 60 முறை ஆட, படம் 50 முறை வர, வித்தியாசமான 10 வேகமான நடுக்கமாகத் தெரியும். எங்கள் கறண்ட் 50 ஐ ஒட்டி இருப்பதால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகப் போகின்றன. சிறு விலகல்தான் அந்த மூச்சு. இங்கேதான் படம் அமைதியாக இருக்கிறது.

இறக்கும் ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை மாற்றுமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. 60 க்குச் செய்த உள் ட்ரான்ஸ்போமர் 50 இல் கூடுதலாகச் சூடாகும். அரை மணிக்கு ஒருமுறை பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இனிப் பைட்ரெக்ஸ் வாங்கினால் காசு வீண் போகாது.

கிளிநொச்சி றேடியோ அண்ணை:

கறண்ட் நின்றால் சோலார் இன்வேற்றரில் போட்டுவிட வேண்டாம். மலிவானவை சதுர அலை தருபவை, உறுமலும் சூடும் கூடும். மூடியை இன்னும் பூட்டாமல் வைத்திருங்கள். சனிக்கிழமை ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வேலை இருக்கிறது. முடித்துக்கொண்டு வந்து, உலர்ந்த கப்பாசிற்றர் ஏதும் இருக்கிறதா என்று நானே ஒருமுறை அளந்து பார்க்கிறேன். அந்தக் கோடு கீறுவதை எனக்கும் நேரில் பார்க்க வேண்டும்.