கால்குலஸ் அசைன்மென்ட்டுக்கு 40 மார்க் என்று யார் சொன்னது?

நெல்லைக்கணக்கு:
அரியர் பற்றிய திரியில் நேற்று பொள்ளாச்சி_இசிஇ என்ற தம்பி எழுதியதைப் படித்ததிலிருந்து மனது ஆறவில்லை. "முதல் செமஸ்டர் மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸில் 100க்கு 40 மார்க் அசைன்மென்ட்டுக்கே போகிறது. அத்தனை பேரும் காப்பியடித்துத்தான் கொடுக்கிறார்கள். அசைன்மென்ட்டையே தூக்கிவிட வேண்டும்" என்கிறார். அதற்கு ஆமாம் போட ஒரு கூட்டம் வேறு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனை, அதாவது பாடம், தேர்வு, மார்க்குக்கான விதிகளை, எடுத்துப் படியுங்கள். இணைப்புக் கல்லூரிகளில் தியரி பாடத்துக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் மார்க் 40, பல்கலைக்கழகத்தின் எண்ட் செமஸ்டர் தேர்வுக்கு 60. இன்டர்னலில் இரண்டு அசெஸ்மென்ட், ஒவ்வொன்றும் 100 மார்க். அந்த 100ல் எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட்டுக்கு 40. எல்லாவற்றையும் கடைசியில் 40க்குச் சுருக்குகிறார்கள். 40ல் 40 சதவீதம் எவ்வளவு? 16. மொத்த மார்க்கில் அசைன்மென்ட்டின் பங்கு 16தான். மல்டிபிள் இன்டெக்ரல் வரை படித்து வந்தவர் சதவீதத்தில் சறுக்கலாமா?

பொள்ளாச்சி_இசிஇ:
வணக்கம் சார். என் முதல் அசெஸ்மென்ட் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் "அசைன்மென்ட் 38/40" என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. 40 என்று எழுதியது நான் இல்லை. உங்களைப் போன்ற ஒரு ஸ்டாஃப்தான் எழுதினார்.

அந்த 38 எப்படி வந்தது என்றும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒருவன் வாட்ஸ்அப் குழுவில் 12 பக்கத்தைப் போட்டோ எடுத்துப் போட்டான். விடுதி அறையில் 14 பேர் உட்கார்ந்து விடிய விடிய எழுதினோம். கை எழுதியது, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஜேக்கோபியன் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்ததே எண்ட் செமுக்கு முந்தைய நாள்தான். கோடு போடாத ஏ4 தாள், தலைப்பு கருப்பு மையில், நாலு பக்கமும் பென்சில் மார்ஜின் என்று விதி. கடைசிப் பக்கத்தில் மார்ஜின் போடவில்லை, அதற்கு 2 மார்க் போனது. அதே பக்கத்தில் விடையும் தப்பு. அதற்கு ஒன்றும் குறையவில்லை. இதற்குத்தான் 40 மார்க்.

நெல்லைக்கணக்கு:
16 மார்க்.

பழையரெகுலேஷன்:
நாங்கள் 2017 ரெகுலேஷன். இன்டர்னல் 20, எண்ட் செம் 80. வீட்டில் எழுதியதற்குக் கைநிறைய மார்க் வாங்கிப் பாஸானவர்கள் இல்லை நாங்கள். மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதித்தான் பாஸானோம். 40ஓ 16ஓ, இரண்டுமே சலுகைதான். இப்போது படிக்கிறவர்களுக்கு அதிலும் குறை சொல்ல வாய் வருகிறது.

பொள்ளாச்சி_இசிஇ:
அண்ணா, நான் சலுகை கேட்கவில்லை. அதை எடுத்துவிடச் சொல்கிறேன். முதலில் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

முல்லை_லெக்சரர்:
நானும் கணக்கு ஸ்டாஃப்தான், நாலு வருட அனுபவம். நெல்லை சார் சொல்லும் 16 சரி. ஆனால் அது சின்ன எண் போல அவர் பேசுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாஸாக எண்ட் செமில் 45 சதவீதம் வேண்டும், அதாவது 60க்கு 27. இன்டர்னலும் சேர்ந்து மொத்தம் 50 வர வேண்டும்.

எழுத்துத் தேர்வு இரண்டிலும் 30 சதவீதம் மட்டுமே வாங்கும் மாணவனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து அவனுக்கு இன்டர்னலில் கிடைப்பது 7 சொச்சம். அசைன்மென்ட் 16 முழுதாகக் கிடைத்தால் 23. எண்ட் செமில் 27 எடுத்தால் பாஸ். அசைன்மென்ட்டில் சைபர் என்றால் அதே மாணவன் எண்ட் செமில் 43 எடுக்க வேண்டும். 27க்கும் 43க்கும் உள்ள தூரம் என்ன என்று அரியர் வைத்த பிள்ளையைக் கேட்டால் சொல்லும். அந்தத் தூரத்தை ஒரு போட்டோவும் ஒரு பென்சில் மார்ஜினும் கடக்க வைக்கின்றன. தம்பி எண்ணைத் தப்பாகச் சொன்னார், வலியைச் சரியாகத்தான் சொன்னார்.

நெல்லைக்கணக்கு:
ஆக, எண் தப்பு என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி மேடம். அதைத்தான் முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இனி என் அனுபவம். 22 வருடம் ஆகிறது. ஒரு முறை நாலாவது யூனிட்டில் ஒரு கணக்குக் கொடுத்தேன்: ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கம், மைனஸ் 1லிருந்து 1 வரை இன்டெக்ரேட் செய். வகுப்பில் 61 பேர். 58 பேர் மைனஸ் 2 என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் ஒருவனைப் பார்த்து எழுதியதுதான், எனக்குத் தெரியாதா? நான் மார்க்கைக் குறைக்கவில்லை. கரும்பலகையில் அந்த வரைபடத்தை மட்டும் போட்டேன். வளைவு முழுக்க எக்ஸ் அச்சுக்கு மேலே நிற்கிறது. மேலே நிற்கும் வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு எப்படியப்பா மைனஸ் ஆகும் என்று கேட்டேன். அரை நிமிடம் சத்தமே இல்லை. அப்புறம் பின்வரிசைப் பையன் ஒருவன், "சார், பூஜ்யத்தில் அது மேலே போய்க்கொண்டே இருக்கிறது, நாம் அதைத் தாண்டிப் போய்விட்டோம்" என்றான். அந்த ஒரு வாக்கியம்தான் இம்ப்ராப்பர் இன்டெக்ரல். பூஜ்யத்தில் இரண்டாகப் பிரித்து எழுதினால் இரண்டு பக்கமும் விரிந்து போகும், முடிவான மதிப்பே கிடையாது. அந்த வகுப்பில் ஒருவனும் அதை மறந்திருக்க மாட்டான்.

58 பேர் காப்பியடித்த தாள் இல்லையென்றால் அந்த அரை நிமிடம் வந்திருக்காது. அசைன்மென்ட்டை எடுத்துவிடச் சொல்கிறவருக்கு இது எங்கே புரியப்போகிறது? அவருக்கு மார்ஜின் கவலை. அதுவும் 16 மார்க்கை 40 என்று ஊதிக்காட்டி.

பொள்ளாச்சி_இசிஇ:
நல்ல வகுப்பு சார், மனதாரச் சொல்கிறேன். எங்களுக்கு அப்படி ஒரு வகுப்பு நடக்கவே இல்லை. தாளை வாங்கி, கட்டுக் கட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஆய்வுக்கு ஆள் வரும்போது எடுத்துக் காட்டினார்கள். திரும்ப எங்கள் கையில் ஒரு தாளும் வரவில்லை, அந்த முதல் தாளைத் தவிர. அதில் 40 என்றுதான் இருக்கிறது.

சேலத்துத்தறி:
நான் படிக்காதவன், தறி ஓட்டுகிறவன். என் மகள் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். கல்லூரியில் முதல் வாரம் "லிமிட்" என்று சொன்னது எல்லை என்று அவளுக்குத் தெரியவே மூன்று நாள் ஆனதாம். வகுப்பில் கேட்கப் பயம். அசைன்மென்ட் கொடுத்தால்தான் வீட்டில் உட்கார்ந்து, பள்ளிப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் பார்த்து எழுதுவாள். இரவு ஒரு மணிக்குத் தறியை நிறுத்திவிட்டு வந்தால் விளக்கு எரியும். எல்லாரும் காப்பியடிக்கிறார்கள் என்று அந்தத் தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளை அடிக்கவில்லை.

பொள்ளாச்சி_இசிஇ:
ஐயா, உங்கள் மகளைச் சொல்லவில்லை. எங்கள் விடுதியைச் சொன்னேன்.

நெல்லைக்கணக்கு:
"அத்தனை பேரும்" என்று எழுதினீர்கள். மேலே அப்படியே இருக்கிறது, எல்லாரும் பார்க்கலாம். 40ம் தப்பு, அத்தனை பேரும் தப்பு.

டெக்சாஸ்_டிஏ:
இங்கே அமெரிக்காவில் கால்குலஸ் வகுப்புக்கு டிஏவாக (டீச்சிங் அசிஸ்டென்ட், ஆசிரியருக்கு உதவியாளர்) இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் தாளையே பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1990களிலேயே வெப்வொர்க் என்ற மென்பொருள் செய்துவிட்டார்கள். ஒரே கணக்குதான், ஆனால் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்கள் வரும். பக்கத்து ஆளின் விடையைப் போட்டால் தப்பு என்று அந்த நொடியே சொல்லிவிடும். திரும்பத் திரும்ப முயலலாம். மிகக் குறைவாக வந்த ஒன்றிரண்டு ஹோம்வொர்க்கை விட்டுவிட்டு மீதிக்குத்தான் மார்க் என்று பல வகுப்புகளில் விதி உண்டு, உடம்பு சரியில்லாத வாரத்துக்காக.

இன்னொன்று. சேர்ந்து உட்கார்ந்து எழுதுவதையே குற்றம்போலப் பேசுகிறீர்கள். 1970களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த யூரி டிரைஸ்மன், கால்குலஸில் திணறிய கறுப்பின மாணவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கூடவே இருந்து பார்த்தார். அவர்கள் உழைக்கவில்லை என்பதில்லை. தனித்தனியாக உழைத்தார்கள். நன்றாகச் செய்த சீன மாணவர்களோ பாடத்தை ஒட்டியே ஒரு கூட்டம் சேர்த்து, ஒருவர் கணக்கை ஒருவர் திருத்தினார்கள். அதைப் பார்த்துவிட்டு, கடினமான கணக்குகளைக் குழுவாகப் போட வைக்கும் பட்டறைகளைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் தேறினார்கள். அந்த 14 பேர் அறையில் ஒருவர் "ஏன்" என்று கேட்டிருந்தால் போதும்.

முல்லை_லெக்சரர்:
படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் லேபில் 30 கணினி, அதில் ஓடுவது 19. எனக்கு இந்த செமஸ்டரில் மூன்று செக்ஷன், 180 பிள்ளைகள். ஒருவருக்கு 12 பக்கம் என்றால் ஒரு அசெஸ்மென்ட்டுக்கு 2160 பக்கம், இரண்டுக்கு 4320. இதோடு அட்மிஷன் சமயத்தில் பள்ளி பள்ளியாகப் போய் ஆள் பிடிக்கவும் வேண்டும். விடையை விட்டு மார்ஜினைப் பார்க்கிறார்கள் என்றீர்களே தம்பி, மார்ஜினை இரண்டு நொடியில் பார்த்துவிடலாம். கணக்கைப் பார்க்க எனக்கு நேரம் தருவது யார்?

பழையரெகுலேஷன்:
சம்பளம் வாங்குகிறீர்கள் அல்லவா மேடம்?

முல்லை_லெக்சரர்:
போன வருடம் நான் வாங்கிய சம்பளத்தைச் சொன்னால், உங்கள் ஐடி கம்பெனிப் பயிற்சியாளர்கூட வேலையில் சேர மாட்டார். தெரியாத விஷயத்தில் தலையிடாதீர்கள். கேட் தேர்வுத் திரியிலும் இப்படித்தான் குறுக்கே வந்து ஒரு வரி போட்டுவிட்டு ஓடினீர்கள்.

பழையரெகுலேஷன்:
ஓடவில்லை. அங்கே நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நெல்லைக்கணக்கு:
சம்பளம், கேட், டெக்சாஸ் எல்லாம் வேறு திரியில் வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ் நண்பருக்கு ஒன்று மட்டும். போட்டோமேத் செயலியைக் கையெழுத்துத் தாளின் மேல் காட்டினால் படிப்படியாக விடை வருகிறது. எண்ணை மாற்றிக் கொடுத்தால் மாற்றிய எண்ணுக்கும் வரும். மென்பொருளை மென்பொருளே ஏமாற்றும். என் முன்னால் சாக்பீஸோடு வந்து நிற்கும் பையன் என்னை ஏமாற்ற முடியாது.

நம் பாடத்துக்கு வாரம் மூன்று மணி லெக்சர், ஒரு மணி டுடோரியல் என்று சிலபஸிலேயே போட்டிருக்கிறது. அந்த ஒரு மணியில் நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அவரவர் அசைன்மென்ட்டில் உள்ள ஒரு கணக்கைப் பலகையில் போட வேண்டும். நிபந்தனையோடு பெருமம், சிறுமம் காணும் லாக்ராஞ்ஜ் முறையில் லாம்டா என்ற பெருக்கி ஏன் வந்தது என்று கேட்பேன். சொன்னால் மார்க். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் திரும்ப வரலாம், கதவு மூடவில்லை. தாள் ஜெராக்ஸாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. 22 வருடமாகச் செய்கிறேன். செய்ய முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

பொள்ளாச்சி_இசிஇ:
சார், நான் கேட்டதும் அதைத்தானே! எழுதிக் கொடுக்கும் தாளுக்கு மார்க் வேண்டாம், கேட்டு மார்க் போடுங்கள் என்றுதான்.

நெல்லைக்கணக்கு:
இல்லை. நீங்கள் கேட்டது அசைன்மென்ட்டைத் தூக்குவதை. மேலே இருக்கிறது. தாள் எழுதாதவனை நான் பலகைக்குக் கூப்பிட்டு எதைக் கேட்பது?

முல்லை_லெக்சரர்:
எங்கள் டுடோரியல் மணியில் சிலபஸ் முடிக்க லெக்சர்தான் நடக்கிறது சார். முதல் யூனிட்டில் மேட்ரிக்ஸ் பற்றிய கேலி-ஹேமில்டன் தேற்றத்திலேயே மூன்று வாரம் போய்விடுகிறது. ஐந்தாவது யூனிட்டில் தொகையிடும் வரிசையை மாற்றுவதை ஒரே மணியில் ஓட்டினேன். உங்களுக்கு ஹெச்ஓடி (துறைத் தலைவர்) அந்த மணியைத் தொடாமல் விட்டது உங்கள் வயசுக்கு, அனுபவத்துக்கு. நான் கேட்டால் தர மாட்டார்கள்.

நெல்லைக்கணக்கு:
கேட்டீர்களா?

முல்லை_லெக்சரர்:
இரண்டு முறை.

சேலத்துத்தறி:
ஒரு சந்தேகம். என் மகள் பலகைக்கு வரப் பயப்படுவாள். எழுதுவாள், ஆனால் 60 பேர் முன்னால் நின்று ஆங்கிலத்தில் சொல்ல வராது. அப்போது அவள் எழுதினதற்கு மார்க் கிடையாதா?

டெக்சாஸ்_டிஏ:
நல்ல கேள்வி ஐயா. தமிழில் சொன்னால் ஏற்பார்களா என்று நெல்லை சார்தான் சொல்ல வேண்டும்.

பழையரெகுலேஷன்:
வேலைக்குப் போன இடத்திலும் தமிழில் சொல்ல முடியுமா?

முல்லை_லெக்சரர்:
மறுபடியும் ஒரு வரி.

பொள்ளாச்சி_இசிஇ:
தேடி எடுத்துவிட்டேன். இன்று மாலை என் தாளை ஸ்கேன் செய்து இங்கேயே போடுகிறேன். 38/40. எல்லாரும் பார்க்கட்டும்.

நெல்லைக்கணக்கு:
தாராளமாகப் போடுங்கள். கூடவே அந்த செமஸ்டர் இன்டர்னல் மார்க்கையும் போடுங்கள். அதில் இந்த 38 எத்தனையாகச் சுருங்கியிருக்கிறது என்று நானே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இரண்டு அசைன்மென்ட்டும் முழுதாக வாங்கியிருந்தாலும் 16க்கு மேல் ஒரு மார்க் வராது.