பர்பனில் ஐஸ் போட்டால் மங்குகிறது, சரக்கில் கோளாறா?

பீப்பாய்ப்பிரியன்:
நண்பர்களே, போன மாதம் சின்சினாட்டியில் ஒரு வாரம் வேலை. ஓஹையோ ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் கென்டக்கி, நியூபோர்ட். அங்கே நியூ ரிஃப் என்று ஒரு டிஸ்டில்லரி (விஸ்கி வடிக்கும் ஆலை) இருக்கிறது, வா என்று கூட வேலை செய்பவர் இழுத்துக்கொண்டு போனார். பர்பனில், அதாவது சோளத்தை முக்கியமாக வைத்து வடிக்கும் அமெரிக்க விஸ்கியில், ஜிம் பீம், மேக்கர்ஸ் மார்க் தவிர எனக்கு எதுவும் தெரியாது. அங்கே ஒரு பாட்டில் வாங்கினேன். அப்புறம் வேறொரு கடையில், கடைக்காரர் பேச்சை நம்பி, அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு குட்டி டிஸ்டில்லரியின் பர்பனும் எடுத்தேன் (பெயர் வேண்டாம், விடுங்கள்).

இப்போது இரண்டிலும் சந்தேகம். நியூ ரிஃப்பில் ஐஸ் கட்டி போட்டுப் பத்து நிமிடத்தில், கண்ணாடியில் மூச்சு விட்ட மாதிரி லேசாக மங்கிவிட்டது. மற்றது வார்னிஷ் அடித்த தேக்கு நிறம், குடித்தால் பச்சைப் பலகையைக் கடித்த துவர்ப்பு. இதற்கு 60 டாலர்! எனக்குத்தான் நாக்கு சரியில்லையா?

சோளக்காடு:
மங்கியது கோளாறே இல்லை. பெரிய கம்பெனிகள் பல விஸ்கியை நன்றாகக் குளிரவைத்து வடிகட்டி விடுவார்கள், ஐஸ் போட்டாலும் பளிச்சென்று இருக்க வேண்டுமே. நியூ ரிஃப் அப்படி வடிகட்டுவதில்லை, அதனால் கொழுப்புச் சத்துள்ள சில பொருட்கள் உள்ளேயே தங்கும். ஆல்கஹால் 46 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை கரைந்து கிடக்கும். உங்களுடையது 50, ஐஸ் உருகி அது இறங்கியதும் வெளியே தெரிகிறது. வாயில் அந்த வழவழப்புக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

லேபிள்லிங்கம்:
இரண்டாவது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். 4 வருடத்துக்குக் குறைந்த விஸ்கி என்றால் வயதைப் போட்டே ஆக வேண்டும், பொடி எழுத்தில் எங்காவது இருக்கும். பர்பனில் நிறம் சேர்க்கக் கூடாது, அதனால் அந்த வார்னிஷ் நிறம் முழுக்க மரம் கொடுத்ததுதான். வழக்கமான பீப்பாய் 53 கேலன். கையில் காசு இல்லாத புது டிஸ்டில்லரிகள் 10, 15 கேலன் பீப்பாயில் போட்டுச் சீக்கிரம் விற்கப் பார்ப்பார்கள். சின்ன பீப்பாயில் சாராயம் மரத்தோடு அதிகம் உரசும், நிறமும் துவர்ப்பும் மாதங்களிலேயே ஏறிவிடும். ஆனால் மூச்சு வாங்கி, ஆவியாகி, உள்ளே இருக்கிற காரம் அடங்குவதற்கு வருடங்கள் வேண்டும், அதைக் குறுக்கு வழியில் வாங்க முடியாது.

நியூ ரிஃப் லேபிளில் 'பாட்டில்ட் இன் பாண்ட்' என்று இருக்கும். 1897 சட்டம்: ஒரே டிஸ்டில்லரி, ஒரே அரையாண்டில் வடித்தது, பீப்பாயில் குறைந்தது 4 வருடம், 100 ப்ரூஃப் (அதாவது 50 சதவீத ஆல்கஹால்). நான் புதுப் பெயர் எதை எடுத்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்.

ரை ராசா:
அதே இடத்தின் பேக்செட்டர் பர்பன் கிடைத்தால் விடாதீர்கள். வடித்தபின் மிஞ்சும் புளித்த நீரை அடுத்த ஊறலில் சேர்ப்பார்கள் அல்லவா, இதற்குப் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுக்கும் எரிபொருள்) புகை போட்ட மால்ட் (முளைகட்டிய பார்லி) ஊறலின் மிச்சத்தைச் சேர்த்திருக்கிறார்கள். தோசை மாவுக்குப் பழைய மாவு விடுவது போலத்தான்.

சோளக்காடு:
ராசா, சின்னத் திருத்தம். அந்த நீர் கொதித்து வந்தது, ஈஸ்ட் செத்திருக்கும். மாவு பொங்குவதற்காக அல்ல, புளிப்பைச் சமன் செய்யத்தான் ஊற்றுகிறார்கள். புகை மணம் வருவது உண்மை, ஆனால் அடுப்படிப் புகை அளவுதான், ஸ்காட்ச் மாதிரி எதிர்பார்க்காதீர்கள்.

பீப்பாய்ப்பிரியன், ருசி பார்க்கும்போது முதல் மடக்கை வைத்து முடிவு கட்டாதீர்கள், அது வெறும் எரிச்சல். முகரும்போது வாயைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். இரண்டாவது மடக்குக்கு அப்புறம் கால் ஸ்பூன் தண்ணீர் விட்டு இன்னொரு தடவை.

பீப்பாய்ப்பிரியன்:
பார்த்துவிட்டேன். பின்பக்கம், மூலையில், "12 மாதம்". கடைக்காரருக்கு வணக்கம்! தண்ணீர் விட்டதும் துவர்ப்பு போகவில்லை, நீர்த்த துவர்ப்பாகிவிட்டது. நியூ ரிஃப்பில் மட்டும், ஐஸ் இல்லாமல், முதலில் கருப்பட்டிப் பாகு, அப்புறம் ரை என்ற தானியத்தின் காரம், தொண்டையில் பட்டை. 30 சதவீதம் ரை என்று இப்போதுதான் படித்தேன். மற்ற பாட்டிலைப் பொரித்த கோழிக்கு முன்னால் கோக் ஊற்றித் தீர்த்துவிடலாம் என்றிருக்கிறேன்.