தூங்கவே தூங்காத சாதனம்: உங்கள் ரன்டைம் பிஎம் அனுபவங்களைச் சொல்லுங்கள்

தொடங்கியவர்:

டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) எழுதும் எல்லோரிடமும் ரன்டைம் பிஎம் (பவர் மேனேஜ்மென்ட்) பற்றி ஒரு கதையாவது இருக்கும். சிஸ்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சும்மா இருக்கும் சாதனத்தை மட்டும் அணைத்து வைக்கும் ஏற்பாடு அது. லினக்ஸின் மையமான கெர்னலில் 2009-இல், 2.6.32 வெளியீட்டில் வந்தது. படிக்கும்போது எளிதாகத்தான் தெரியும். வேலைக்கு முன்னால் ஒரு கெட் (பயன்பாட்டுக் கவுன்ட்டை ஒன்று ஏற்றும்), முடிந்ததும் ஒரு புட் (ஒன்று இறக்கும்), கவுன்ட் பூஜ்யமானால் சாதனம் தூங்கலாம். என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது அந்தக் கவுன்ட்தான்.

ஐ2சி பஸ்ஸில் (சிப்களை இணைக்கும் தடத்தில்) ஒரு சென்சார். விநாடிக்கு ஒருமுறை வொர்க்கியூவிலிருந்து (கெர்னல் பின்னணியில் ஓட்டும் வேலை வரிசை) அதைப் படிக்கிறேன். நாள் முழுக்க ஓட்டினாலும் குறையில்லை, ஒவ்வொரு முறையும் படித்த கையோடு சஸ்பெண்ட் ஆகிவிடும், அதாவது தூங்கிவிடும். ஆனால் மொத்த சிஸ்டத்தையும் தூங்க வைத்து எழுப்பினால், எப்போதாவது ஒரு தடவை, அதற்கப்புறம் சென்சார் தூங்கவே தூங்காது. ரன்டைம்_ஸ்டேட்டஸ் கோப்பில் எப்போது பார்த்தாலும் ஆக்டிவ். பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும். ரீபூட் செய்தால் சரியாகிவிடும். அதனாலேயே பக்கைப் பிடிக்க முடியவில்லை.

கடைசியில் பிஎம் அட்வான்ஸ்டு டீபக் கான்ஃபிகைப் (பில்ட் செய்யும்போது தேர்ந்தெடுக்கும் அமைப்பை) போட்டுக் கெர்னலை மறுபடி பில்ட் செய்தேன். அது இருந்தால்தான் கவுன்ட்டைக் காட்டும் ரன்டைம்_யூசேஜ் கோப்பு கிடைக்கும். அதில் பூஜ்யம் இருக்க வேண்டிய நேரத்தில் 1. இன்னும் பலமுறை தூங்க வைத்து எழுப்பினேன். 2 ஆனது.

நடந்தது இதுதான். சிஸ்டம் சஸ்பெண்டின் பிற்பகுதியில் பிஎம் கோர் (கெர்னலின் பவர் மேனேஜ்மென்ட் பகுதி) ஒவ்வொரு சாதனத்துக்கும் ரன்டைம் பிஎம்மை முடக்கிவிடும். சரியாக அந்த இடைவெளியில் என் வொர்க் ஓடினால், தூங்கிக்கொண்டிருக்கும் சென்சாரை, கெட் செய்யும் ஃபங்ஷனான பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் எழுப்ப முடியாமல் ஈஆக்சஸ் பிழையைத் திருப்பித் தரும். நான் பிழையைப் பார்த்ததும் ரிட்டர்ன் செய்துவிட்டேன். கெட் தோற்றுவிட்டதே, புட் எதற்கு என்று நினைத்தேன். ஆனால் கெட்_சிங்க் தோற்றாலும் கவுன்ட்டை ஏற்றிவிட்டுத்தான் திரும்பும். ஏற்றியதை இறக்க வேண்டியது நம் பொறுப்பு.

இதற்காகவே கெர்னல் 5.10-இல் பிஎம்_ரன்டைம்_ரெஸ்யூம்_அண்ட்_கெட் என்ற ஃபங்ஷன் வந்தது. தோற்றால் அதுவே கவுன்ட்டை இறக்கிவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. கெட்_சிங்க், சாதனம் ஏற்கெனவே விழித்திருந்தால் 1 தரும். பூஜ்யம் அல்லாத எதையும் பிழை என்று எடுத்துக்கொள்ளும் டிரைவர்களை நான் பார்த்திருக்கிறேன். புதியது வெற்றி என்றால் பூஜ்யம்தான் தரும். அதோடு, வொர்க்கை ஃப்ரீசபிள் வொர்க்கியூவுக்கு (சிஸ்டம் தூங்கப் போகும்போது நின்றுவிடும் வகை) மாற்றினேன். சிஸ்டம் தூங்கப் போகும் நேரத்தில் அது ஓட வேண்டிய தேவையே இல்லை.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

பதில் 1:

என்னுடையது ஆடியோ கோடெக் (ஒலிக்கான சிப்). என் மேசையில் இருந்த போர்டில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. தயாரிப்புக்கான போர்டில் போட்டதும் புகார் வந்தது. பாட்டை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட்டால் வால்யூம் வேறு அளவில் இருக்கிறது, சில சமயம் ஒலியே வருவதில்லை. என் போர்டில் எத்தனை தடவை முயன்றாலும் அது வரவில்லை.

ஒரே கோட், இரண்டு நடத்தை. மூன்று நாள் கோடையே வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தேன். பார்த்திருக்க வேண்டியது சர்க்யூட் வரைபடத்தை. என் போர்டில் கோடெக்குக்கு மின்சாரம் தரும் ரெகுலேட்டரையே இன்னொரு சிப்பும் பயன்படுத்திக்கொண்டிருந்தது. நான் ரெகுலேட்டரை டிசேபிள் செய்தாலும், அந்த இன்னொரு சிப்புக்காக மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருந்தது. கோடெக்கின் ரெஜிஸ்டர்களில் (சிப்பின் அமைப்புகளை வைக்கும் இடங்களில்) எழுதியது அப்படியே இருந்தது. தயாரிப்பு போர்டில் கோடெக்குக்குத் தனி ரெகுலேட்டர். அங்கே சஸ்பெண்ட் என்றால் உண்மையிலேயே மின்சாரம் போய்விடும், ரெஜிஸ்டர்கள் எல்லாம் ஆரம்ப மதிப்புக்குத் திரும்பிவிடும்.

ரெஸ்யூமில் (எழுப்பும்போது) ரெக்கேஷ்_சிங்க் கூப்பிட்டிருந்தேனே, அது கேஷில் (ரெஜிஸ்டர் மதிப்புகளின் நகலில்) இருப்பதைத் திரும்ப எழுதியிருக்க வேண்டாமா? அங்கேதான் என் தவறு. சஸ்பெண்டில் ரெக்கேஷ்_மார்க்_டர்ட்டி கூப்பிடவில்லை. சாதனம் எல்லாவற்றையும் மறந்துவிட்டது என்று, அந்த நகலை வைத்திருக்கும் ரெக்மேப்புக்கு யாரும் சொல்லாவிட்டால், சிங்க் ஒன்றுமே எழுதாமல் வெற்றி என்று திரும்பிவிடும். ஒரே ஒரு வரி.

இப்போது எந்த டிரைவரின் சஸ்பெண்டை எழுதினாலும், முதலில் அந்த ரெகுலேட்டரை வேறு யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று டீபக்எஃப்எஸ்ஸில் (கெர்னலின் உள்நிலையைக் காட்டும் கோப்புகளில்) பார்க்கிறேன். மின்சாரம் உண்மையில் போகாத போர்டில் செய்யும் பரிசோதனையை நான் இனி நம்புவதில்லை.

பதில் 2:

மேலே இரண்டு பேரும் சொன்னது மெதுவாகக் கொல்லும் வகை. எனக்கு வந்தது போர்டே உறைந்து போகும் வகை.

என் சாதனத்தின் இன்டரப்ட் லைனை (சிபியுவின் கவனத்தை அழைக்கும் தடத்தை) இன்னொரு சாதனமும் பகிர்ந்துகொண்டது. என்னுடையது சஸ்பெண்டில், அதன் கிளாக் (சிப்பை ஓட்டும் துடிப்பு) நின்றுவிட்டது. பக்கத்துச் சாதனம் இன்டரப்ட் எழுப்பியது. பகிர்ந்த லைன் என்பதால் கெர்னல் என் ஹேண்ட்லரையும் (இன்டரப்ட்டைக் கவனிக்கும் ஃபங்ஷனையும்) கூப்பிட்டது. இது என்னுடையதா என்று பார்க்க ஹேண்ட்லர் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் படித்தது. கிளாக் இல்லாத ரெஜிஸ்டரைப் படித்தால் அந்த சிப்பில் பஸ் பதில் தராமல் நின்றுவிடும். லாக்கில் ஒரு வரிகூட விழாது.

பிசிஐ (கார்டுகளை இணைக்கும் பஸ்) என்றால் இதே தவறு வேறு முகத்தோடு வரும். டி3 என்ற உறக்க நிலையில் இருக்கும் கார்டைப் படித்தால் எல்லா பிட்டும் 1 ஆக வரும். அதை நம்பும் ஹேண்ட்லர் எல்லா இன்டரப்ட்டும் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும்.

ஹேண்ட்லருக்குள்ளேயே கெட்_சிங்க் கூப்பிட்டுச் சாதனத்தை எழுப்பிவிடலாமே என்றுதான் முதலில் நினைத்தேன். அது தூங்கக்கூடிய (நடுவில் காத்து நிற்கக்கூடிய) ஃபங்ஷன், இன்டரப்ட் சூழலில் கூடாது. பிஎம்_ரன்டைம்_ஐஆர்க்யூ_சேஃப் போட்டால் கூப்பிடலாம்தான். ஆனால் அதைப் போட்டால் பேரன்ட் சாதனம் (நம் சாதனம் இணைந்திருக்கும் மேல்நிலைச் சாதனம்) எப்போதும் விழித்தே இருக்க வேண்டியதாகிவிடும். மிச்சப்படுத்த வந்த மின்சாரத்தை அங்கே இழந்துவிடுவோம்.

கடைசியில் செய்தது: ரன்டைம் சஸ்பெண்டில் முதலில் சாதனத்தின் இன்டரப்ட்டை மாஸ்க் செய்வது (தடுப்பது), பிறகு 'உறங்குகிறது' என்று ஒரு ஃப்ளாக் வைப்பது, அப்புறம் சிங்க்ரனைஸ்_ஐஆர்க்யூ (ஓடும் ஹேண்ட்லர் முடியும்வரை காத்திருப்பது), அதற்குப் பிறகே கிளாக்கை நிறுத்துவது. ஹேண்ட்லர் ஃப்ளாக்கைப் பார்த்தால் ரெஜிஸ்டரைத் தொடாமல் ஐஆர்க்யூ_நன் (என்னுடையது அல்ல) தரும். வரிசை முக்கியம். சிங்க்ரனைஸை விட்டுவிட்டால், வேறொரு சிபியுவில் பாதி ஓடிக்கொண்டிருக்கும் ஹேண்ட்லர் அணைந்த சாதனத்தைத் தொட்டுவிடும். டீபக் ஷேர்டு ஐஆர்க்யூ கான்ஃபிகைப் போட்டுவிட்டு மாட்யூலைக் கழற்றிப் பாருங்கள். இன்டரப்ட்டை விடுவிக்கும் ஃப்ரீ_ஐஆர்க்யூ நேரத்தில் கெர்னலே வேண்டுமென்று உங்கள் ஹேண்ட்லரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கும். நான் அதை முன்பே போட்டிருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும்.

பதில் 3:

புதிதாக பிசிஐ டிரைவர் எழுதுபவர்களுக்காக ஒன்று. எல்லா கால்பேக்கும் (சஸ்பெண்ட், ரெஸ்யூமுக்குக் கெர்னல் கூப்பிடும் ஃபங்ஷன்கள்) எழுதி முடித்தேன், சாதனம் ஒருமுறைகூட சஸ்பெண்ட் ஆகவில்லை. காரணம் இரண்டு. ப்ரோபைக் (டிரைவர் சாதனத்தோடு இணையும்போது ஓடும் ஃபங்ஷன்) கூப்பிடும் முன்பே பிசிஐ கோர் ஒரு கவுன்ட்டை ஏற்றி வைத்திருக்கும். ப்ரோபின் கடைசியில் பிஎம்_ரன்டைம்_புட்_நோஐடில் கூப்பிட்டு அதை நாம்தான் விடுவிக்க வேண்டும், ரிமூவில் (பிரியும்போது ஓடும் ஃபங்ஷன்) கெட்_நோரெஸ்யூம் கூப்பிட்டுத் திருப்பித் தர வேண்டும். இதைச் செய்த பிறகும், சாதனத்தின் பவர் கோப்புறையில் கன்ட்ரோல் கோப்பு ஆன் என்றே இருந்தால் தூங்காது. அதில் ஆட்டோ என்று எழுத வேண்டும். முதலாவதைக் கண்டுபிடித்து, இரண்டாவது தெரியாமல் முதலாவதையே சந்தேகித்துக்கொண்டு ஒரு நாள் போனது.

தொடங்கியவர்:

பதில் 1 எழுதிய நண்பரே, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு என் சென்சாரின் ரெகுலேட்டரைப் போய்ப் பார்த்தேன். என் போர்டிலும் அதை வேறொரு சிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என் டிரைவரிலும் மார்க்_டர்ட்டி இல்லை. பேட்ச் தயார். தனி ரெகுலேட்டர் உள்ள போர்டு ஒன்று கைக்கு வந்ததும் பரிசோதித்துவிட்டு அனுப்புகிறேன்.