வளாகப் போலீஸும் இடுப்புத் துப்பாக்கியும்: உங்களுக்கு நடந்தது என்ன?

மதுரைப்பொடியன்:
டெக்சாஸில் எம்.எஸ். சேர்ந்து மூன்றாவது வாரம். இரவு ஒன்றரை மணி, லேபில் தனியாக இருந்தேன். ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். நம்ம ஊர்க் கல்லூரி வாட்ச்மேன் நினைப்பில், "ஐடி தானே சார், இதோ" என்று குனிந்து பைக்குள் கையை விட்டேன். "கையை வெளியே எடு!" நிமிர்ந்தால் அவருடைய வலது கை இடுப்பில். உறையின் பிடி விடுபட்ட அந்த 'டக்' சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கார்டைப் பார்த்ததும் சிரித்தார். "பின்கதவு சரியாகச் சாத்தவில்லை, பார்த்துக்கொள்" என்று போய்விட்டார். விடியும்வரை நான் ஒரு வரி கோட் எழுதவில்லை. ஒரு செக்யூரிட்டிக்கு எதற்குத் துப்பாக்கி?

ஆஸ்டின்காரி:
முதலில் ஒன்று, அவர் செக்யூரிட்டி இல்லை. டெக்சாஸ் கல்விச் சட்டம் 51.203-ன்படி பல்கலைக்கழகம் நியமிக்கிற முழுப் போலீஸ். கைது செய்வார், துப்பாக்கியும் வைத்திருப்பார். 1966 ஆகஸ்ட் 1 அன்று ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் மேலிருந்து ஒருவன் சுட்டபோது நகரப் போலீஸ்தான் ஏறிப் போனது. அடுத்த ஆண்டே வளாகப் போலீஸுக்குச் சட்டம் வந்தது.

சரியாக 50 வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 1-இல், உரிமம் உள்ள யாரும் துப்பாக்கியை மறைத்து வளாகத்துக்குள் எடுத்துவரலாம் என்ற சட்டம் அமலானது. அப்போது நான் அங்கே டி.ஏ., அதாவது ஒரு பேராசிரியருக்குக் கற்பித்தல் உதவியாளர். பேராசிரியர்கள் தங்கள் தனி அறைக்குள் மட்டும் துப்பாக்கி கூடாது என்று சொல்லலாம். ஆனால் வாயால்தான் சொல்ல வேண்டும், போர்டு மாட்டினால் போதாது. எங்கள் சார் வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், "இந்த அறைக்குள் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. சரி, எந்தக் கணக்கில் சந்தேகம்?" என்பார். ஒரு பையன் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனான். அவனிடம் இருந்ததா, இல்லை கோபமா? இன்றுவரை தெரியாது.

கொங்குத்தம்பி:
2007 ஏப்ரல் 17, நான் மேரிலாந்தில் இருந்தேன். கோபியிலிருந்து சித்தப்பா போன். "தம்பி, நம்ம லோகநாதன் சார் அந்தக் காலேஜ்லதானே இருக்காரு? ஒண்ணும் இல்லீல்ல?" வர்ஜீனியா டெக்கில் நீரியல் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி.வி. லோகநாதன் கோபிப் பக்கத்துக்காரர். முந்தின நாள் அங்கே ஒரு மாணவன் சுட்டதில் செத்த 32 பேரில் ஒருவர். பெயரைப் பார்த்துவிட்டிருந்தும், "விசாரிச்சுச் சொல்றேன் சித்தப்பா" என்று போனை வைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் புரியவில்லை.

சுட்டவன் கதவுகளைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தான். போலீஸ் ஒரு பூட்டைச் சுட்டு உடைத்துத்தான் உள்ளே போனது. எதற்குத் துப்பாக்கி என்று கேட்கிற தம்பிக்கு இதற்கு மேல் சொல்ல எனக்கு மனசில்லை.

மழைக்குடை:
கொங்குத்தம்பி அண்ணா, வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் கல்லூரிப் போலீஸும் ஆயுதம் வைத்திருந்தவர்கள்தானே? 32 பேர் போனார்கள். ஓரிகனில் உள்ள போர்ட்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2015-இல் வளாகப் போலீஸுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். 2018 ஜூனில் ஒரு சண்டையை விலக்கப் போன ஜேசன் வாஷிங்டனை வளாகப் போலீஸே சுட்டுக் கொன்றது. 2021 செப்டம்பரில் ரோந்துக்குத் துப்பாக்கி வேண்டாம் என்று மாற்றினார்கள். அந்தச் சமயம் என் அறைத்தோழிக்கு வலிப்பு வந்து உதவிக்குக் கூப்பிட்டேன். அவள் தரையில் கிடக்கிறாள், நான் வந்தவருடைய இடுப்பைப் பார்க்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

டல்லாஸ்_பெரியவர்:
என்னையும் ஒருமுறை நிறுத்தினார்கள், சைக்கிளில் விளக்கு இல்லை என்று. அதை விடுங்கள். பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. போலீஸ் எதிரில் நின்றால் கை எப்போதும் தெரியும்படி இருக்க வேண்டும். பைக்குள், பாக்கெட்டுக்குள் கையை விடும் முன், "ஐடி பைக்குள் இருக்கிறது, எடுக்கட்டுமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்ற பிறகு மெதுவாக எடுங்கள். காரில் நிறுத்தினால் இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். இறங்கி ஓடிப்போய் வணக்கம் வைக்காதீர்கள், அது நம்ம ஊர் மரியாதை. இன்னொன்று, எஃப்-1 என்கிற மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. அமெரிக்க நண்பன் கூப்பிட்டான், சுட்டுப் பழகப் போகலாம், போட்டோ போடலாம் என்று கிளம்பும் முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். வளாகப் போலீஸ் நம்பரைப் போனில் சேமித்து வையுங்கள். அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள்.

மதுரைப்பொடியன்:
பெரியவரே, அட்வைஸ் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நம்பரைச் சேமித்துவிட்டேன்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அதே ஆளைக் கீழ்த்தளத்துச் சிப்ஸ் மெஷின் பக்கத்தில் பார்த்தேன். கசங்கிய டாலர் நோட்டை மெஷின் துப்பிக்கொண்டே இருந்தது. "சில்லறை இருக்கிறதா?" என்றார். பாக்கெட்டுக்குள் கை போகும் முன், "எடுக்கட்டுமா சார்?" என்று கேட்டுவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.