ஷெஃபீல்டின் பழைய கதையை எங்கே தொடங்கிப் பார்க்கலாம்?

ஆற்றோரம்:

வணக்கம் நண்பர்களே. வேலைக்காகக் குடும்பத்தோடு இங்கிலாந்தின் ஷெஃபீல்டுக்கு வந்து இப்போது வால்க்லி பக்கம் ஒரு மேட்டுத் தெருவில் குடியிருக்கிறோம். எஃகு நகரம், எஃகு நகரம் என்று எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் டவுனுக்குப் போனால் கண்ணில் படுவது கடைகளும் மாணவர் விடுதிகளும்தான். ரிவெலின் ஆற்றோரம் நடக்கப் போனால் மட்டும் மரங்களுக்கு நடுவே இடிந்த கற்சுவர், தண்ணீர் தேக்கிய குளம், மடை, பாதி மண்ணில் புதைந்த பெரிய சாணைக்கல் என்று வரிசையாக வருகின்றன. யார் வைத்தது, என்ன வேலை நடந்தது, ஏன் அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள் என்று மகள் கேட்கிறாள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டி தன் அம்மா கரண்டிகளுக்கு மெருகேற்றும் "பஃபர் கேர்ள்" ஆக வேலை பார்த்தவர் என்றார். கிறிஸ்துமஸ் வந்தால் மலைக் கிராமத்து பப்புகளில் ஊரே கூடிப் பாடும் என்றும் சொன்னார். அங்கெல்லாம் நம்மைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள் போகலாமா? சுற்றுலாப் பட்டியல் வேண்டாம், இந்த ஊரில் நாள்பட இருப்பவர்கள் எங்கே தொடங்கச் சொல்வீர்கள்?

சாணைக்கல்:

நல்ல கேள்வி. நான் இங்கே ஒரு இயந்திரப் பட்டறையில் வேலை பார்க்கிறேன், இந்த விஷயத்தில் பைத்தியம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன்.

பெரும்பாலானவர்கள் முதலில் கெல்ஹம் ஐலண்ட் அருங்காட்சியகத்துக்குப் போகச் சொல்வார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். நீங்கள் ஏற்கெனவே ஆற்றில் தொடங்கிவிட்டீர்கள், அதுதான் சரியான வாசல். ரிவெலின், லாக்ஸ்லி, போர்ட்டர், ஷீஃப், டான் என்று ஐந்து ஆறுகள் மலையிலிருந்து வேகமாக இறங்குகின்றன. ஒவ்வொன்றிலும் சிறிது தூரத்துக்கு ஒரு அணை கட்டி, குளத்தில் தண்ணீரைத் தேக்கி, நீர்ச்சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடித்தார்கள். நீங்கள் பார்த்த குளமும் மடையும் அந்த ஏற்பாட்டின் மிச்சம். நீராவி வந்து பட்டறைகள் டவுனுக்கு நகர்ந்தபோது பள்ளத்தாக்கில் இருந்தவை ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. கத்தித் தொழில் அதற்கெல்லாம் முந்தியது: 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் தன் கதையில் ஒரு மில்காரரின் காலுறைக்குள் ஷெஃபீல்டு கத்தியைச் செருகி வைத்திருக்கிறார்.

போர்ட்டர் ஆற்றில் ஒயிட்லி வுட்ஸ் பக்கம் ஷெப்பர்ட் வீல் என்று ஒரு சாணைக்கூடம் இருக்கிறது. 1584ஆம் ஆண்டு உயில் ஒன்றிலேயே அந்த இடத்தின் பேச்சு வருகிறது. சக்கரத்தைப் பழுது பார்த்து ஓட விட்டிருக்கிறார்கள். முதலில் அங்கே போங்கள், மகளையும் கூட்டிப் போங்கள். தாழ்ந்த கூரை, வரிசையாகக் கற்கள், ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் குதிரை மேல் உட்காருவது போல் கால்களை இருபுறமும் போட்டு உட்காரும் மரப்பலகை. சாணை பிடிப்பவர் அதில் குனிந்தபடியேதான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கல் நனைந்திருந்தால் சேறு தெறிக்கும், உலர்ந்திருந்தால் கல்தூளும் எஃகுத்தூளும் நெஞ்சுக்குள் போகும். முள்கரண்டி தீட்டுகிறவர்கள் உலர்ந்த கல்லில்தான் வேலை செய்வார்கள், அவர்களில் முப்பதுகளிலேயே மூச்சுத்திணறிச் செத்தவர்கள் ஏராளம். கல் சுழலும்போது வெடித்து ஆளைக் கொல்வதும் நடந்தது. அந்தப் பலகை ஒன்றின் முன்னால் நின்று பார்த்தபிறகு "ஷெஃபீல்டு" என்று முத்திரை குத்திய பழைய கத்தியை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடியவில்லை.

அடுத்து அபிடேல், பழைய எஃகுப் பட்டறை வளாகம். அங்கே மூசை உலை, அதாவது களிமண் பாத்திரத்தில் எஃகை உருக்கும் உலை, அப்படியே இருக்கிறது. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் என்ற கடிகாரக்காரர், கடிகார வில்லுக்கு நல்ல எஃகு கிடைக்கவில்லை என்று இங்கே ஹேண்ட்ஸ்வொர்த்துக்கு வந்து, எஃகை மூடிய களிமண் மூசையில் முழுக்க உருக்கி வார்க்கும் வழியைக் கண்டார். ஊர்க் கத்திக்காரர்கள் முதலில் இது ரொம்பக் கடினம் என்று வாங்க மறுத்தார்களாம், பிரான்ஸுக்கு விற்றார் என்பார்கள். மூசை செய்யக் களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்தார்கள், ஏனென்றால் ஒரு சின்னக் கல்லோ காற்றுக்குமிழியோ உள்ளே இருந்தால் உலையில் மூசை வெடித்து உருகின எஃகு அத்தனையும் போய்விடும், அது காலுக்குத்தான் தெரியும். உலையிலிருந்து மூசையை வெளியே தூக்குகிறவர் காலில் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு, வெள்ளையாகக் கொதிக்கும் மூசைக்கு நேர்மேலே நின்று இடுக்கியால் இழுப்பார்.

கெல்ஹமுக்கு ரிவர் டான் எஞ்சின் என்ற பெரிய நீராவி எஞ்சின் ஓடும் நேரம் பார்த்துப் போங்கள். 1905இல் டேவி பிரதர்ஸ் செய்தது, 12,000 குதிரைத்திறன், போர்க்கப்பல் கவசத் தகடு உருட்டியது. ஓடும்போது தரை அதிர்வது காலில் ஏறும். அதே அருங்காட்சியகத்தில் ஹாலி கருவித் தொகுப்பும் இருக்கிறது, எனக்கு எஞ்சினை விட அதுதான் பிடிக்கும்.

இன்னொன்று, இந்த ஊரில் தொழில் பெரும்பாலும் பெரிய முதலாளிகளால் மட்டும் ஓடவில்லை. "லிட்டில் மெஸ்டர்" என்பார்கள், ஒரு அறையையோ ஒரு பெஞ்சையோ வாடகைக்கு எடுத்து ஒரே ஒரு வேலையை மட்டும் செய்கிறவர். ஒருவர் அடிப்பார், அடுத்தவர் தீட்டுவார், மூன்றாமவர் பிடி போடுவார், கத்தி தெருத்தெருவாகப் பயணம் போய்த்தான் முழுமை அடையும். ராண்டல் தெருவில் போர்ட்லண்ட் வொர்க்ஸ் அந்தக் காலத்து வளாகம், துருப்பிடிக்காத எஃகில் முதன்முதலாகக் கத்தி செய்த இடங்களில் ஒன்று. அதை அடுக்குமாடியாக்கப் போனார்கள், ஊர்க்காரர்கள் பங்கு சேர்த்து 2013இல் வாங்கிவிட்டார்கள். உள்ளே இன்றைக்கும் கத்தி செய்கிறவர்களும் கருவி செய்கிறவர்களும் வேலை பார்க்கிறார்கள். திறந்த நாள் எப்போது என்று விசாரித்துப் போங்கள்.

வன்னிக்காரி:

அக்காவா அண்ணாவா தெரியவில்லை, வணக்கம். நான் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறேன், பிள்ளைகள் இங்கேயே படித்து வளர்ந்தவர்கள். பாட்டைப் பற்றிக் கேட்டபடியால் எழுதுகிறேன்.

கட்டாயம் போங்கோ. நவம்பர் 11க்குப் பிறகு வரும் ஞாயிறு தொடங்கி கிறிஸ்துமஸ் முடியும் மட்டும், டங்வொர்த், வொரல், ஸ்டானிங்டன் மாதிரிக் கிராமங்களில் ஞாயிறு மத்தியானம் பப்பில் சனம் கூடிப் பாடும். இது தேவாலயத்தில் கேட்கிற பாட்டு இல்லை. 19ஆம் நூற்றாண்டில் தேவாலயங்களில் ஒழுங்கு வைத்து, மேல்மாடியில் இருந்து பிடிலும் பெரிய பாஸ் பிடிலும் வாசித்த ஊர்ப் பாடகர்களை மெல்ல மெல்ல வெளியில் அனுப்பினார்கள், அவர்கள் தங்கட பாட்டைத் தூக்கிக்கொண்டு பப்புக்குப் போனார்கள், அங்கேயே தங்கிவிட்டது. இடையர்களைப் பற்றிய கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றையே கணக்கில்லாத மெட்டில் பாடுவார்கள், இந்தப் பள்ளத்தாக்கு மெட்டு ஒன்று, அடுத்த பள்ளத்தாக்கு மெட்டு வேறொன்று. கையில் புத்தகம் வைத்திருக்கிறவர் குறைவு. கனத்த குரல் கீழே பிடிக்க, பெண்கள் மேலே எடுக்க, ஒரு வரியை ஒரு பக்கம் முடிக்கும் முன்னம் மற்றப் பக்கம் பிடித்துக்கொள்ளும். அறை சின்னது, கூரை தாழ்வு, குரல் உடம்புக்குள்ளேயே இறங்கும்.

வெளியாள் என்று யாரும் பார்க்க மாட்டார்கள். ஆம்பிளைகள் ஆம்பிளைகளையும் "லவ்" என்று கூப்பிடுகிற ஊர் இது. ஒன்று மட்டும்: பாட்டுக்கு நடுவில் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க வேண்டாம், கதைக்கவும் வேண்டாம், ஒரு பானம் வாங்கிக்கொண்டு சுவரோடு நின்று கேளுங்கோ. நான் முதல் தடவை நின்றபோது பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் தன் தாளை என்னிடம் நீட்டி, விரலால் வரியைக் காட்டிக்கொண்டே பாடினார்.

கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் வாள் ஆட்டம் இருக்கிறது. கிரெனோசைடில் ஆறு பேர், ஹேண்ட்ஸ்வொர்த்தில் எட்டுப் பேர். ஒருவர் வாளின் பிடியும் அடுத்தவர் வாளின் நுனியும் எல்லாருடைய கையிலும் இருக்கும், வட்டம் ஒரு இடத்திலும் விடுபடாமலே வாளுக்கு மேலால் தாண்டி, கீழால் குனிந்து ஆடுவார்கள். கிரெனோசைடில் மயிர்த் தொப்பி போட்ட தலைவனின் கழுத்தைச் சுற்றி வாளைப் பின்னி, தொப்பியைத் தட்டிவிடுவது முக்கியமான கட்டம். காலில் மரச்செருப்பு, கல்தரையில் அந்தச் சத்தம் வடிவாகக் கேட்கும். ஹேண்ட்ஸ்வொர்த்துக்காரர் கடைசியில் எட்டு வாளையும் பின்னி ஒரு பூட்டாக்கித் தலைக்கு மேலே தூக்குவார்கள், மகளுக்கு நிச்சயம் பிடிக்கும். குளிருக்கு உடுத்திக்கொண்டு போங்கோ.

ஆற்றோரம்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வன்னிக்காரி, நான் அக்கா இல்லை, அண்ணன்தான். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அவர் அம்மா வேலையைப் பற்றி எப்படிக் கேட்பது என்றும் யாராவது சொல்லுங்கள். அப்புறம், ஹில்ஸ்பரோ பக்கம் ஒரு பெரிய வெள்ளம் பற்றிப் பேச்சு வந்தது, 2007ஐச் சொல்கிறார்களா?

ஏட்டுச்சுவடி:

2007 ஜூன் வெள்ளமும் பெரியதுதான், ஆனால் அவர்கள் சொன்னது 1864 ஆக இருக்கும். பிராட்ஃபீல்டுக்கு மேலே டேல் டைக் அணையை முதல்முறையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மார்ச் 11 மாலை ஒரு தொழிலாளி கரையில் விரிசலைப் பார்த்துவிட்டுச் சொன்னார், பொறியாளர் குதிரை வண்டியில் வந்து சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதே, நள்ளிரவை ஒட்டிக் கரை உடைந்தது. லாக்ஸ்லி பள்ளத்தாக்கு வழியாக மாலின் பிரிட்ஜ், ஹில்ஸ்பரோ எல்லாம் தூக்கத்திலேயே அடித்துக்கொண்டு போனது. செத்தவர்கள் ஏறத்தாழ 240 பேர். ஆறு ஓட்டிக்கொடுத்த சக்கரங்களையும் பட்டறைகளையும் அதே ஆறு ஒரே இரவில் வழித்துக்கொண்டு போயிற்று.

நஷ்ட ஈடு கேட்டு ஏறத்தாழ 7000 மனுக்கள் வந்தன. ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழகம் அவற்றை இணையத்தில் ஏற்றியிருக்கிறது. யார் வீட்டில் என்ன உடை, என்ன சாமான், என்ன கருவி போயிற்று என்று பட்டியல் பட்டியலாக இருக்கும். ஒரு சாதாரணத் தொழிலாளி வீட்டுக்குள் என்ன இருந்தது என்பதை இப்படிச் சொல்லும் ஆவணம் கிடைப்பது அபூர்வம். உங்கள் தெருப் பக்கத்து இடங்களின் பெயர் போட்டுத் தேடிப் பாருங்கள். பழைய படங்களுக்கு "பிக்சர் ஷெஃபீல்டு" தளம் இருக்கிறது. சர்ரே தெரு மத்திய நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுப் பிரிவுக்குப் போனால் தெரு வாரியான பழைய முகவரிப் புத்தகங்களைப் பார்க்கலாம், உங்கள் வீட்டில் முன்பு இருந்தவர் என்ன தொழில் என்பதே அதில் இருக்கலாம்.

பாட்டியிடம் கேட்பது எளிது. வெறுங்கையோடு போகாமல் பஃபர் பெண்களின் பழைய படம் ஒன்றை எடுத்துப் போங்கள். கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் சுழலும் சக்கரத்தில் மெருகேற்றும் வேலை, தலையில் சிவப்புத் துணி, எண்ணெயும் தூளும் ஒட்டாமல் உடம்பிலும் காலிலும் காகிதத்தைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். படத்தைப் பார்த்தால் அவரே பேசத் தொடங்குவார். சம்பளம் எவ்வளவு என்று தொடங்காமல், வேலை முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன செய்வார் என்று கேளுங்கள்.

நமக்கு நெருக்கமான ஒன்றும் இருக்கிறது. ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியாக இருந்து, வேலையை விட்டுவிட்டு 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார், சேலத்துத் தாது, மரக்கரி. பிறகு ஷெஃபீல்டுக்கு வந்து, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். எஃகு மலிந்தது, ஊர் முதலாளிகளுக்கு லாபம். ஆனால் அவர்கள் அதைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பணம் கொடுக்க மறுத்தார்கள், வழக்கு பல வருடம் இழுத்தது, முடிவதற்கு முன்பே அவர் இறந்துபோனார். இந்த ஊர் அவரை இன்னும் கொஞ்சம் அதிகம் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது என் கட்சி.

அட்டர்கிளிஃப் பஸ்:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஊரின் கிழக்குப் பக்கத்தை யாரும் தொடவில்லை. பெரிய ஆலைகள் இருந்தது அட்டர்கிளிஃப், பிரைட்சைடு, டின்ஸ்லி பக்கம்தான். 1950களில் ஏமனிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் வந்தவர்கள்தான் அங்கே சூடும் சத்தமும் அதிகமான வேலைகளைச் செய்தார்கள். 80களில் ஆலைகள் மூடியபோது காது கேட்காமல் போனவர்களும் வேலையில்லாமல் நின்றவர்களும் அவர்களில் நிறைய. அந்த வரலாறு அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வருவதற்கு ரொம்ப நாள் பிடித்தது. மெடோஹால் ஷாப்பிங் சென்டருக்கு எல்லாரும் போகிறோமே, அது ஹாட்ஃபீல்ட்ஸ் எஃகு ஆலை நின்ற இடம், 1990இல் திறந்தார்கள்.

சிட்டி ஹால் எதிரே கைகோத்து நிற்கும் இரண்டு பெண்களின் வெண்கலச் சிலையையும் பாருங்கள். போர்க்காலத்தில் ஆண்களின் இடத்தில் கிரேனும் உலையும் ஓட்டியவர்களை, போர் முடிந்ததும் நன்றி கூடச் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயதான நான்கு பெண்கள் அந்தப் பழைய கதையை விடாமல் பேசிப் பேசி, 2016இல் அந்தச் சிலை வந்தது.

ஆற்றோரம்:

வரும் சனிக்கிழமை ஷெப்பர்ட் வீல், வெள்ள மனுக்களை இன்று இரவே தேடப்போகிறேன். டங்வொர்த்துக்கு நவம்பரில் யாராவது போவதாக இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போகலாம்.

வன்னிக்காரி:

நாங்கள் போவோம் அண்ணா, வாங்கோ. பாட்டு மத்தியானம்தான், ஆனால் 11 மணிக்கே போய்விட வேண்டும், பிந்தினால் உள்ளே நிற்க இடம் இராது. றோட்டு ஒடுக்கம், காரை ஒருவர் வீட்டு வாசலையும் மறிக்காமல் தள்ளி நிற்பாட்டிவிட்டு நடந்து வாங்கோ.